15 மாத வேலைக்கு இப்போதே 20 லட்சம் அட்வான்ஸ்: வரி எப்போது, எவ்வளவு?

கேள்வி: சென்னையில் ஃப்ரீலான்ஸ் எடிட்டராக இருக்கிறேன். இந்த நிதியாண்டில் வழக்கமான வேலைகளில் 14 லட்சம் வரும். ஏறக்குறைய பாதி எடிட் சூட் வாடகை, உதவியாளர் சம்பளம், ஹார்டு டிஸ்க் என்று போய்விடும். 44ஏடிஏ பிரிவில் (வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டும் உத்தேச முறை) ஐடிஆர்-4 படிவம் தாக்கல் செய்து வருகிறேன். 2026 ஜனவரியில் ஒரு தயாரிப்பு நிறுவனம் இரண்டு படங்களுக்குச் சேர்த்து 20 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தது. 2 லட்சம் டிடிஎஸ் போக 18 லட்சம் கணக்கில் ஏறியது. வேலை 2027 மார்ச் வரை ஓடும். இன்னும் செய்யாத வேலைக்கு இந்த ஆண்டே வரி கட்ட வேண்டுமா? ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை.

பதில்: வருமான வரியை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது ஜிஎஸ்டி. பொருள் விற்பவர் வாங்கும் அட்வான்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, பணம் வந்த தேதியிலேயே வரிப் பொறுப்பு வந்துவிடும். ஏப்ரலிலிருந்து வந்த தொகையோடு இந்த 20 லட்சம் சேர்ந்ததும், சேவைகளுக்கான 20 லட்ச ரூபாய் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'ஜிஎஸ்டி தனி' என்ற வாசகம் இருந்தால் 18 சதவீதமான 3.6 லட்சத்தைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். அந்த வாசகம் இல்லையென்றால் வாங்கிய 20 லட்சத்துக்குள்ளேயே வரி அடங்கியதாகக் கொள்ளப்படும். 18/118 கணக்கில் 3,05,085 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். நிறுவனம் ஜிஎஸ்டி பதிவு பெற்றதாக இருந்தால் கட்டும் வரியைப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்துக்கொள்ளும். அதைச் சொல்லியே துணை ஒப்பந்தம் போடக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பதிவு வந்தபின் அட்வான்ஸுக்கு 'ரசீது வவுச்சர்' கொடுங்கள். வேலை முடிந்ததும் இன்வாய்ஸ் போட்டு அதில் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால் அந்தத் தொகைமேல் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது என்பதையும் நினைவூட்டுங்கள். ஜிஎஸ்டி கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடும்.

இனி வருமான வரி. இதுவரை பணம் வந்த ஆண்டிலேயே வருமானமாகக் காட்டியிருந்தால், இந்த 20 லட்சமும் 2025-26 வரவுதான். ஜிஎஸ்டி தனியாகக் கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டால் மொத்த வரவு 34 லட்சம். 44ஏடிஏ-வின் 50 லட்ச வரம்புக்குள்தான் இருக்கிறது (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்). படத்தொகுப்பாளர் இந்தப் பிரிவில் வரும் திரைத்துறைத் தொழில்களில் ஒன்று. பாதியான 17 லட்சம் வருமானம். புதிய வரி முறையில் 4-8 லட்சத்துக்கு 20,000, 8-12-க்கு 40,000, 12-16-க்கு 60,000, மிச்ச ஒரு லட்சத்துக்கு 20,000. ஆக 1,40,000, 4 சதவீத செஸ் சேர்த்து 1,45,600 ரூபாய். அட்வான்ஸில் பிடித்த டிடிஎஸ்ஸே 2 லட்சம். மற்ற வரவுகளிலும் 10 சதவீதம் பிடித்திருந்தால் மொத்தம் 3.4 லட்சம் ஆகியிருக்கும். 1,94,400 திரும்ப வரும். மார்ச் 15-க்கான முன்கூட்டிய வரியும் உங்களுக்குத் தேவைப்படாது.

50 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதைவிட அதிகமென்று உங்கள் கணக்கே சொன்னால் அதைக் காட்டுவதே பாதுகாப்பு.

'மூன்று மாத வேலைக்கான 4 லட்சத்தை மட்டும் இந்த ஆண்டு காட்டு, மீதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளு' என்று யாராவது சொல்வார்கள். ஈட்டிய அடிப்படையில் (பணம் வந்தபோது அல்ல, வேலை செய்த அளவுக்கு வருமானம் காட்டும் முறையில்) தொடர்ந்து கணக்குப் புத்தகம் வைப்பவருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம் என்பேன். கணக்கு முறையைத் தொடர்ந்து ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். பெரிய பணம் வந்த ஆண்டில் மட்டும் மாற்றினால் கேள்வி வரும். தள்ளுகிறவர்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான்: வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் காட்டிவிட்டு, டிடிஎஸ் 2 லட்சத்தையும் முழுதாகக் கோருவார்கள். விதி 37பிஏ-யின்படி, எந்த ஆண்டு வருமானம் காட்டுகிறோமோ அந்த ஆண்டில்தான் அதற்குரிய டிடிஎஸ் வரவு. 4 லட்சம் காட்டினால் 40,000 மட்டும், 1.6 லட்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உங்கள் பெயரில் பிடித்த டிடிஎஸ்ஸைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் 20 லட்சமும் தெரியும் என்பதால் பொருந்தாமை உடனே வெளிப்படும்.

அடுத்த ஆண்டு வரவு குறைந்து செலவு மட்டும் ஓடும். உத்தேச முறையில் அந்த நஷ்டத்தைக் காட்ட முடியாது. ஆனால் வராத செலவுக்கும் சேர்த்து இந்த ஆண்டே பாதித் தொகை கழிந்துவிட்டது, அதனால் இழப்பில்லை. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமிருந்தால் மட்டும் யோசியுங்கள். வங்கி அடுத்த ஆண்டின் சிறிய ஐடிஆரையும் பார்க்கும்.

கணக்கிலுள்ள 18 லட்சத்தில், ஜிஎஸ்டி விஷயம் முடியும்வரை 3.6 லட்சத்தைத் தனிக் கணக்கில் வைத்துத் தொடாதீர்கள். மீதியை 15 மாதத்துக்கு வகுத்து, உதவியாளர் சம்பளத்தையும் சூட் வாடகையையும் முதலில் ஒதுக்குங்கள்.

துணை ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துவிடுங்கள். படம் பாதியில் நின்று, அடுத்த ஆண்டு நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், உத்தேச முறையில் அதைத் தனியாகச் செலவாகக் கழிக்க வழியில்லை. வரி கட்டிய வருமானமும் போய்விடும். முதல் கட் முடிந்தால் இவ்வளவு, ஃபைனல் கட் முடிந்தால் இவ்வளவு திருப்பித் தர வேண்டியதில்லை என்று தொகையோடு எழுதி வாங்குங்கள்.