தாழ்த்திய காரில் அகல வீல்: டயர் வெடித்த நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தை ஒரு கடையில் 40 மி.மீ. குறைத்தேன். அங்கேயே அலாய் வீலும் டயரும் மாற்றினார்கள். பழையது 17 அங்குலம், 7 ஜே (ரிம் அகலம், அங்குலத்தில்), ஆஃப்செட் 45 (வீல் அச்சில் பொருந்தும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது), டயர் 205/50 ஆர் 17. புதியது 18 அங்குலம், 8 ஜே, ஆஃப்செட் 30, டயர் 225/40 ஆர் 18. "விட்டம் ஒன்றுதான், எங்கேயும் உரசாது" என்றார்கள். முதல் வாரமே பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் உரசியது. போய்ச் சொன்னதற்கு, "தாழ்த்தின வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் மாதம் பின் டயர் வெடித்து, கார் சாலைத் தடுப்பில் மோதியது. யாருக்கும் காயமில்லை. "அனுமதியற்ற மாற்றம்" என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. கடைக்காரரோ, "நீங்கள் கேட்டதைத்தானே போட்டோம்" என்கிறார். யார் மீது வழக்குப் போடுவது? என் மீதே வழக்கு வருமா?

பதில்: வழக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வீலை மாட்டி வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இப்போது இருக்கும் நிலைதான் உங்கள் சாட்சி. மட்கார்டின் உள்விளிம்பில் உரசிய தடம், ரிம்மின் உள்பக்கம் வார்க்கப்பட்ட அகலமும் ஆஃப்செட்டும், டயர் பக்கச்சுவரின் எண்கள், மிச்சமிருக்கும் ட்ரெட் ஆழம் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். வெடித்த டயரை யாரிடமும் கொடுக்காதீர்கள். கடையோடு சம்பந்தமில்லாத ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரிடம் எழுத்துமூலம் அறிக்கை வாங்குங்கள். அதற்குப் பிறகு வண்டியில் கை வைக்கலாம்.

கடைக்காரர் விட்டத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். இரண்டு டயருக்கும் விட்டம் ஏறக்குறைய 637 மி.மீ. ஆனால் மட்கார்டில் இடிக்குமா என்பதை விட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ரிம் அகலம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. கூடியிருக்கிறது. அதில் பாதி வெளிப்பக்கம் வரும். ஆஃப்செட் 15 மி.மீ. குறைந்ததால் முழு வீலும் அந்த அளவு வெளியே தள்ளியிருக்கிறது. 12.7 + 15: வெளிவிளிம்பு 27.7 மி.மீ. மட்கார்டை நோக்கி நகர்ந்துவிட்டது. காரையும் 40 மி.மீ. இறக்கினால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் போய் நிற்கும் இடம் மட்கார்டின் விளிம்பு. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. "எங்கேயும் உரசாது" என்று சொன்ன கடை இதைப் பார்க்கவில்லை என்றால், அந்த அலட்சியம்தான் உங்கள் வழக்கு. இன்னொன்று: பழைய டயரின் சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண், 89 ஆக இருந்து (580 கிலோ) புதியதில் 88 (560 கிலோ) இருந்தால் அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி சட்டம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே விற்பனைக்குள் வந்துவிடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. "இந்தப் பிராண்டில் இந்த மாடல்தான் வேண்டும்" என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கடைக்காரர் "நீங்கள் கேட்டதைத்தான் போட்டோம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அவருக்கு யாரோ நல்ல வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனவே அளவைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதில்தான் வழக்கே தொங்குகிறது. வாட்ஸ்அப் உரையாடலைத் தேடுங்கள். "இந்த உயரத்துக்கு எது சரியாக உட்காரும்?" என்று நீங்கள் கேட்டு, அவர் அளவு சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய ஆவணம் வேறில்லை. போனிலிருந்து எடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் கூடவே வேண்டும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் வழி இருக்கிறது. பொருத்துவதிலும் சோதிப்பதிலும் தக்க கவனம் எடுக்காத விற்பனையாளர் பொறுப்பாவார் என்கிறது 86-ஆம் பிரிவு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம்; சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

உங்கள் பக்கப் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். உரசுகிறது என்று தெரிந்தும் இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். இழப்பீடு குறையவும் வாய்ப்புண்டு. நீங்கள் திரும்பப் போய்ச் சொன்னதும், அவர்கள் தட்டிக் கழித்ததும் ஏதாவது ஒரு மெசேஜிலோ அழைப்புப் பதிவிலோ இருந்தால் இந்த அடி பாதியாகும்.

உங்கள் மீது வழக்கு வருமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இறுக்கமாகவே படித்தது. அதே பிரிவின் விளக்கம், "மாற்றம்" என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்கிறது. தயாரிப்பாளரே அதே மாடலின் மேல் வகைக்குக் கொடுக்கும் அளவு வீல் இதற்குள் வராது என்று தைரியமாக வாதிடுவேன். 40 மி.மீ. இறக்கிய சஸ்பென்ஷனுக்கு அந்தத் தைரியம் எனக்கில்லை. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் ஆணையத்தில் தரும் புகாரே வண்டியைத் தாழ்த்தியதை எழுத்தில் ஒப்புக்கொள்வதாகும். அதற்காகப் பயந்து உரிமையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆதாரம் எடுத்து முடித்ததும் உயரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதற்கான பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபருக்குக் காயமில்லாததால் அந்தப் பகுதியை விட்டுவிடுவோம். சொந்தச் சேதக் கிளெய்மில், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் முழுவதையும் மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பு இருக்கிறது: அமலேந்து சாஹு, 2010. ஆனால் அங்கே மீறல், வண்டியை வாடகைக்கு விட்டது. உங்கள் விஷயத்தில் மீறலே விபத்துக்குக் காரணம் என்று சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிட வந்தவர், எழுதியிருப்பார். அதனால் இங்கே பாதி வழிதான் திறந்திருக்கிறது என்பது என் கணிப்பு. நிராகரிப்புக் கடிதத்தை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். அதில் இல்லாத புதுக் காரணத்தை நிறுவனம் பிறகு நீதிமன்றத்தில் சேர்க்க முடியாது. சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் பதிலில்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அதே நிராகரிப்பை நுகர்வோர் ஆணையத்திலும் எழுப்பிவிட்டால் அவர் எடுக்கமாட்டார்.

ஆகவே கடை மீது ஆணையம், நிறுவனம் மீது ஓம்பட்ஸ்மன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. நிறுவனம் கொடுத்தால், கொடுத்த அளவுக்குக் கடையிடம் வசூலிக்கும் உரிமை அதற்குப் போய்விடும். கடைக்கு இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்: வீல், டயர், பொருத்திய கூலி, பழுதுபார்ப்புச் செலவு என ஒவ்வொன்றையும் பில்லோடு தனித்தனியாக எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீஸில் 27.7 மி.மீ. கணக்கை அப்படியே போடுங்கள். பதில் எழுதும்போது அதை எப்படித் தவறவிட்டோம் என்று அவர்தான் விளக்க வேண்டியிருக்கும்.