தலைமை நிர்வாகிகள் வார்டு வார்டாக ரவுண்ட்ஸ் வந்தால் ஊழியர்களின் பாதுகாப்பு கூடுமா? எங்கள் மருத்துவமனையில் தொடங்கப் போகிறோம்.

கூடும். ஆனால் வந்து போவதால் மட்டும் கூடாது, கேட்டதைச் சரிசெய்து கொடுத்தால்தான். பல வருடங்களாக வார்டு இன்சார்ஜாக இருக்கும் நர்ஸ் என்ற முறையில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அனிதா டக்கர், சாரா சிங்கர் என்ற ஆய்வாளர்கள் இதை 19 மருத்துவமனைகளில் பதினெட்டு மாதம் நடத்திப் பார்த்து 2015-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் எதிர்மறையாகவே இருந்தது. சுலபமாகத் தீர்க்கக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொண்ட இடங்களிலும், தீர்த்துவைக்கும் பொறுப்பை மேலதிகாரியே ஏற்றுக்கொண்ட இடங்களிலும் நிலைமை மேலாக இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. யாரும் வந்து கேட்காதவரை, 'மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது' என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். கேட்டு எழுதிக்கொண்டு போனபிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அடுத்த தடவை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "எல்லாம் சரிதானே?" என்றால் "சரிதான் சார்" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு இந்த வார்டில் யாருக்காவது அடிபடும் என்றால் எதனால் படும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா நிரம்பி வழிவது, ராத்திரியில் எடை கூடிய நோயாளியை ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்கவைப்பது, கேஷுவாலிட்டியில் கூட வந்தவர்கள் கை ஓங்குவது எல்லாம் வெளியே வரும். என்னைப் போன்ற இன்சார்ஜ்கள் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஹவுஸ்கீப்பிங் ஆட்களைக் கட்டாயம் கேளுங்கள். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி குத்துவது அவர்கள் கையில்தான்.

ஊசி குத்தும் விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உண்டு. எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 'சொன்னால் மெமோ கொடுப்பார்கள்' என்று பயந்து ஒரு பெண் மறைத்தால், அந்த நேரம்தான் வீணாகிறது. அதனால் ரவுண்ட்ஸில் யாராவது தனக்கு ஊசி குத்தியதைச் சொன்னால், எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொல்லுங்கள். "ஏன் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டாய்?" என்ற விசாரணையை அங்கே தொடங்காதீர்கள்.

அப்புறம், காலை பதினோரு மணிக்கே எப்போதும் வராதீர்கள். ஆள் குறைவாக இருப்பது நைட் டியூட்டியில்.

கேட்டதையெல்லாம் வார்டு பலகையில் எழுதிவையுங்கள்: என்ன பிரச்சினை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று. செய்ய முடியாததற்கு "முடியாது, காரணம் இது" என்று எழுதினாலே போதும், நாங்கள் ஏற்றுக்கொள்வோம். பதிலே வராததைத்தான் தாங்க முடியாது. எல்லா வார்டுக்கும் ஒரே மாதத்தில் அட்டவணை போடவும் வேண்டாம். சரிசெய்து முடிக்க முடிகிற அளவுக்கு ஒன்றிரண்டு வார்டுகளில் தொடங்குங்கள்.