லாயத்துக் கேள்வி பதில்: லகானை எப்போது விடுவது?

கேள்வி (கோவை வாசகர்): லகானைத் தொட்டாலே என் 5 வயதுக் குதிரை தலையைத் தூக்கி உதறுகிறது. "வாய்க்கு முரட்டுக் கடிவாள இரும்பாப் போடு, அடங்கிடும்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். வலியால் தலையைத் தூக்குகிற குதிரைக்கு இன்னும் வலி கொடுத்தால், அடுத்து முன்னங்காலைத் தூக்கும்.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கும். கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய ஈறு, அதற்கடியில் உடனே எலும்பு. சில குதிரைகளுக்கு மேல்வாயில், முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், சின்னதாக ஒரு பல் முளைத்திருக்கும். இரும்பு அதில் இடித்தால் பாவம், என்ன செய்யும்? மேல் கடைவாய்ப் பற்களின் வெளியோரம் கூராகிக் கன்னத்தைக் கிழிப்பதும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறையாவது கால்நடை மருத்துவரை வைத்துப் பல்லுக்கு அரம் போட்டுவிட வேண்டும். இரும்பின் அளவையும் பாருங்கள்: வாயின் இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் வெளியே தெரியவேண்டும். உதட்டோரத்தில் ஒரு சுருக்கம், மிஞ்சினால் இரண்டு.

வாயில் கோளாறு இல்லையென்றால் கோளாறு உங்கள் கையில். கை விடுகிற அந்த நொடியில்தான் குதிரை பாடம் படிக்கிறது. குதிரையை நிற்கவைத்து, ஈரத் துணியை மெல்லப் பிழிவதுபோல் விரல்களை மூடுங்கள். பின்னால் இழுக்க வேண்டாம், பிடித்தபடி காத்திருங்கள். தாடை லேசாக அசையும், தலை ஓர் அங்குலம் தாழும். உடனே விரல்களைத் தளர்த்திவிடுங்கள். இரண்டு மூன்று நொடி தாமதித்தால்கூட எதற்காக விட்டீர்கள் என்பது அதற்குப் புரியாது. பலர் செய்வது நேர் எதிர். தலையை உதறும்போது பயந்து லகானை நழுவவிடுகிறார்கள். உதறினால் விட்டுவிடுவார்கள் என்று குதிரையும் கற்றுக்கொள்கிறது. அது உதறும்போது உங்கள் கை கூடவே போகவேண்டும், பிடியின் அழுத்தம் மாறக்கூடாது. தினமும் பத்து நிமிடம் நின்றபடி பழக்குங்கள். அது சரளமான பிறகு நடையில், அப்புறம் டிராட்டில் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்).

கேள்வி (ஈரோடு வாசகர்): அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஒரு மட்டக்குதிரை வாங்கினேன். என் எடை 78 கிலோ. ஏறலாமா?

பதில்: டேப் எடுத்து அளந்துவிடுங்கள். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பின்புட்ட முனைவரை ஓர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஏறக்குறையக் கிலோவில் வரும். சுற்று 140, நீளம் 125 என்றால் சுமார் 206 கிலோ. சேணத்தையும் சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்குதான் முதுகு தாங்கும், அதாவது 41 கிலோ. உங்கள் குதிரையும் இந்த அளவில்தான் இருக்குமென்றால் பிள்ளைகளை ஏற்றுங்கள், நீங்கள் கூட நடந்து வாருங்கள்.

கேள்வி (ஓசூர் வாசகி): வயிற்றுவாரை இறுக்கித்தான் கட்டுகிறேன். ஆனாலும் ஏறும்போது சேணம் சரிகிறது.

பதில்: வாரை இழுக்கும்போது குதிரை மார்பை விறைத்துக்கொள்ளும். பத்தடி நடந்ததும் தளர்ந்துவிடும், வாரும் தொளதொளவென்று ஆகிவிடும். எனவே ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். முதலில் சேணம் நகராத அளவுக்கு மட்டும். கொஞ்சம் நடத்திவிட்டு ஒன்றிரண்டு துளை. ஏறி ஐந்து நிமிடம் போனதும் மறுபடி பாருங்கள். வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. வாரைக் கையில் எடுத்ததுமே காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருகிற குதிரைகள் அவசரமாக இறுக்கப்பட்டவையாக இருக்கும். இன்னொன்று, தரையிலிருந்து இடது அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) தொங்கி ஏறுவதை விட்டுவிடுங்கள். ஒரு திட்டோ, உறுதியான முக்காலியோ போதும். குதிரையின் முதுகுக்கும் அது நல்லது.

கேள்வி (சென்னை வாசகர்): டிராட்டில் இடுப்பு கழன்றுவிடும்போல் இருக்கிறது.

பதில்: டிராட்டில் ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் ஜோடியாக ஊன்றும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. வட்டமாகச் சுற்றுகையில், குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னால் போகும்போது எழுந்து, பின்னால் வரும்போது உட்காருங்கள். இடப்பக்கம் சுற்றினால் வலத் தோளைக் கவனிக்கவேண்டும். அங்கவடியை மிதித்து எம்பாதீர்கள். குதிரையின் தாளமே உங்களைத் தூக்கிவிடும். முழங்காலால் கவ்வினால் கீழ்க்கால் பின்னால் போய் முகங்குப்புற விழுவீர்கள். நிற்கிற குதிரையில் பிடரியைப் பிடித்துக்கொண்டு இருபது முறை எழுந்து உட்கார்ந்து பழகுங்கள். அங்கவடி நீளத்துக்கு ஒரு கணக்கு: விரல்நுனியை அங்கவடி தொங்கும் வாரின் மேல்முனையில் வைத்துக் கையை நீட்டினால் அங்கவடி அக்குளைத் தொடவேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினால்?

பதில்: இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துத் தொங்காதீர்கள், இரும்பின்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் ஓடும். நிமிர்ந்து உட்கார்ந்து, இழுங்கள், தளர்த்துங்கள், மறுபடி இழுங்கள், தளர்த்துங்கள். இடமிருந்தால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். தார் ரோட்டில் திடீரென்று ஒடித்தால் லாடம் வழுக்கி இருவரும் விழுவீர்கள்.