மாஸ்ரர் போட்ட புள்ளிகள்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நான் வடமராட்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். வயது 72. கண்ணில் கற்றரக்ட் வெட்டிய பிறகு வாசிப்பு திரும்பி வந்திருக்கிறது. மகள் கனடாவிலிருந்து வந்து நின்றபோது மூன்று நாவல்கள் வாங்கித் தந்துவிட்டுப் போனாள். மூன்றும் அண்மையில் வந்தவை, மூன்றும் யாழ்ப்பாணத்தில் நடப்பவை. ஒன்று கொலைக்கதை, ஒன்று காதல் கதை, மற்றது ஒரு பொடியன் வளர்ந்து ஆளாகிற கதை. பழக்கதோஷம், மூன்றுக்கும் புள்ளி போட்டிருக்கிறேன்.

கொலைக்கதைக்கு 38. கொலைகாரனை 40ஆம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன். மிச்சப் பக்கமெல்லாம் இன்ஸ்பெக்டர் வந்து சேரும்வரை காவல் இருந்தேன். அவரும் 'எஃப்.ஐ.ஆர். போடுங்க ஏட்டு' என்கிறார். எங்கள் பொலிஸில் ஏட்டு எங்கே இருக்கிறார்? காதல் கதைக்கு 55. மொழி நன்று. ஆனால் இருவரும் விரும்புவது ஏழு வருடமாக ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். நம்புகிறீர்களா? மூன்றாவதற்கு 71. அழவைத்துவிட்டது. இருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பொடியன் 'வரலாறு எங்களைத் தின்றுகொண்டிருந்தது' என்று யோசிக்கிறான். சிவப்புப் பேனையால் கோடு இழுத்து, 'இது நீ இல்லை, உன் ஆசிரியர்' என்று எழுதி வைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு மர்மத்தைக் காப்பாற்றி எழுதத் தெரியாதா? இதுதான் என் கேள்வி.

பின்குறிப்பு: எனக்கும் ஒரு கதை தெரியும். வேலியில் தொடங்கிச் சாவில் முடிந்தது. சம்பந்தப்பட்ட ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் எழுதவில்லை.

க.

அன்புள்ள மாஸ்ரர்,

நாவல்களின் பெயர்களை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். மூன்று பேரும் இப்போதுதான் எழுத வந்தவர்கள். வகுப்பில் புள்ளியை உரத்து வாசிக்கும் வாத்திமாரைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். மூன்றையும் நானும் வாசித்தேன். உங்கள் புள்ளிகளில் ஒன்றைக் கூட்டலாம், இரண்டைக் குறைக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் கொலைக்கதை. ஏட்டைப் பிடித்தீர்கள், தூக்கைத் தவறவிட்டீர்கள். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியைத் தூக்கில் போடுகிறார்களே, இலங்கையில் 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. நீதிபதி மரண தண்டனை என்று தீர்ப்புச் சொல்வார், ஆள் சிறையில் இருப்பார். அதுவும் கொலை நடந்து எட்டே மாதத்தில்! நீதவான் நீதிமன்றம், பிறகு சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம், பிறகு மேல் நீதிமன்றம் என்று வழக்கு நகரும் வேகம் உங்களுக்கும் தெரியும். ஆசிரியரை நான் அதிகம் கோபிக்கமாட்டேன். எங்கள் தலைமுறைக்கே துப்பறியும் கதை இந்தியாவிலிருந்து வந்த சாமான். மாத நாவல்களில் படித்த பொலிஸ்காரரை அப்படியே கொண்டுவந்து கொக்குவிலில் இறக்கிவிட்டார். அவருக்கு இங்கே வழி தெரியவில்லை, பாவம்.

பெரிய குறை வேறு. அந்த நாவலில் சடலம் கிடக்கும் வீட்டுக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி வரவே இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, சந்தேகத்துக்கு இடமான சாவென்றால் மரண விசாரணை நடக்கவேண்டும். கதைக்கு அதைவிட நல்ல ஆள் யார் கிடைக்கப்போகிறார்? எனக்குப் பதினெட்டு வயதில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் விடியக்காலை கிணற்றுக்குள் கிடந்தார். முதல்நாள் இரவு அந்த வளவில் பெரிய சண்டை. கிடுகு வேலிக்குச் சத்தத்தை மறிக்கத் தெரியாது. ஒழுங்கையே கேட்டுக்கொண்டுதான் படுத்தது. பத்து மணிபோல விசாரணை அதிகாரி வந்தார். பக்கத்து ஊர்க்காரர், வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் ஒரு பை. மாமர நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கொடுத்தோம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, ஆகவே தேத்தண்ணி எங்கள் குசினியிலிருந்து போனது. கொண்டுபோனவன் நான். கோப்பையைத் திருப்பி வாங்கவேண்டும் என்ற சாட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"இரவு ஏதும் சத்தம் கேட்டதோ?"

"இல்லை ஐயா, நான் நேரத்தோட படுத்திட்டன்."

அடுத்தவர். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை ஐயா."

அதற்கடுத்தது எங்கள் ஒழுங்கையின் மூத்த மாமி. மூன்று வளவு தள்ளித் தேங்காய் விழுந்தால் யாருடைய காணியில் விழுந்தது என்று படுக்கையில் இருந்தே சொல்லுகிற மனிசி. "வயசு போட்டுது ஐயா, காதும் எனக்கு அவ்வளவு கேளாது" என்றார். அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதினார். வாசித்துக் காட்டினார். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். எழும்பிப் போகும்போது கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, பக்கத்தில் நின்ற அப்பாவிடம் மெல்லக் கேட்டார்: "அந்த எல்லை வேலிப் பிரச்சினை பேந்து முடிஞ்சுதோ?"

அவருக்கும் தெரிந்திருந்தது, மாஸ்ரர். அவருடைய வேலை சொன்னதை எழுதுவது. எழுதினார். மற்ற நாள் பேப்பரில் நான்கு வரி வந்தது, கடைசி வரி வழமையானது: 'மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் முன்னெடுத்து வருகின்றனர்.' அது விழுந்த சாவா, வேறேதுமா என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் பின்குறிப்பில் சொன்ன அதே காரணம்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கோணலாக இருக்கும். மர்மத்தை ஒளித்துவைக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை, ஒளிக்க முடியாத இடத்தில் ஒளிக்கப் பார்க்கிறார்கள். 40ஆம் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்தது நாவலில் வரும் அத்தனை அயலவருக்கும் முதலாம் பக்கத்திலேயே தெரிந்திருக்கவேண்டும். மிச்ச 200 பக்கத்தில் என்ன நடக்கும்? மாமிக்குக் காது எப்போது கேட்கத் தொடங்கும், யாருடைய கலியாணம் முடிந்த பிறகு, யார் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு, இதெல்லாம் நடக்கும். அப்படி ஒரு நாவல் வந்தால் நீங்கள் கொலைகாரனை முதலாம் பக்கத்தில் பிடித்தாலும் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதிய ஷெஹான் கருணாதிலக 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவலை மகளிடம் சொல்லி அனுப்புவியுங்கள். 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. கொல்லப்பட்ட படப்பிடிப்பாளன் தன்னைக் கொன்றது யார் என்று ஏழு நிலவுக்குள் தானே தேடவேண்டும். ஆவி துப்பறிகிறது என்று கேட்டால் விளையாட்டுப்போல இருக்கும். வாசித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டில் செத்தவனுக்காக வேறு யார் விசாரிக்கப் போகிறார்கள்? சடலமே கிடைக்காத வீடுகளை நீங்களும் அறிவீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் வந்து உட்கார்ந்த அம்மாமாரிடம் போய், கொலைக்கதை என்றால் முதல் அத்தியாயத்தில் ஒரு சடலம் வேண்டும் என்று சொல்லமுடியுமா?

சரி, காதல் கதை. 55 அதிகம். ஏழு வருட இரகசியத்தை நீங்கள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ரியூசன் முடிந்து பெட்டை எந்தச் சந்தியால் திரும்பினாள் என்பது அவள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் வீட்டுக்குப் போய்விடும் ஊர் இது. இப்போது வேலிக்குப் பதில் மதில் வந்துவிட்டது, பொட்டுக்குள்ளால் பார்க்க ஏலாது, எல்லாம் வட்ஸ்அப்பில் என்பார் ஆசிரியர். மதிலுக்கு மேலால் மொட்டைமாடி இருக்கிறதே.

நான் புள்ளி குறைப்பது இன்னொரு இடத்துக்கு. கலியாணமான கதாநாயகி தன் சீதனக் காணியைக் கணவனுக்குத் தெரியாமல் விற்று, பழைய காதலன் வெளிநாடு போகக் காசு கொடுக்கிறாள். எந்த நொத்தாரிசு அந்தக் காணி உறுதியை எழுதினார்? 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழமைச் சட்டம், இன்றைக்கும் எங்கள் கழுத்தில் இருக்கிறது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கமுடியாது. கணவன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம்.

இதைச் சட்டக்குறிப்பாகச் சொல்லவில்லை. ஆசிரியர் கையில் இருந்த கதையை எப்படிக் கைவிட்டார் என்று பாருங்கள். அவள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் ஏழு வருடத்து இரகசியம் என்ன ஆகியிருக்கும்? ஏன் விற்கிறாய் என்று கேட்பார்கள். கணவன் பின்வாங்கில் இருப்பான். ஊரிலிருந்து கிணற்றுப் பங்கு வழக்குக்கு வந்தவர்கள் நாலு பேர் அவனுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். ஒரு காதலை இதைவிடக் கடுமையாகச் சோதிக்க ஏலுமா? எங்கள் ஊரில் காதலைப் பற்றி எழுதுகிறவர் உறுதிப்பெட்டியைத் திறக்காமல் எழுதக்கூடாது என்பது என் பிடிவாதம். மங்களநாயகம் தம்பையா 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோதே கலியாணத்துக்குப் பிறகு பெண் படும் பாட்டுக்குள் போய்விட்டார். நூறு வருடத்துக்குப் பிறகு நாங்கள் இன்னும் தாலி கட்டும் வரியில் முற்றும் போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஆசிரியர் தாலிக்கு அப்பால் போனார், அதற்காக 45.

மூன்றாவதற்கு நான் 80 போடுவேன். வளர்ந்து ஆளாகும் கதைக்குத் தமிழில் ஒழுங்கான பெயர் இன்னும் அமையவில்லை. யாழ்ப்பாணத்தில் பெட்டை பெரியவளானால் எடுக்கும் சடங்கை வைத்து 'சாமத்தியவீட்டு நாவல்' என்று வைக்கலாம் என்றால், ஆண்பிள்ளைகளுக்கு அந்த வீடு இல்லை. அவர்கள் என்றைக்கு ஆளானார்கள் என்று ஒருவரும் வீடியோ எடுப்பதில்லை. எழுத்தாளர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) 1961இல் 'தீ' நாவலில் அந்தப் பக்கத்தைத் திறந்தார், ஊர் பதறியது.

உங்கள் சிவப்புக்கோட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முழு நாவலுக்கும் அது பொருந்தாது. அந்த வரி வருகிற அத்தியாயம் 1995 ஒக்ரோபர் 30, போருக்குள் வலிகாமத்துச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வு. அன்று எனக்குப் பதினொரு வயது. நாவற்குழிப் பக்கம் மழைக்குள் சனம் இறுகி நிற்கிறது. அப்பாவின் சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் மனதில் வரலாறு இருக்கவில்லை. மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் எங்கே போவது என்பதுதான் எனக்கு அன்றைய உலகப் பிரச்சினை. எனக்குப் பக்கத்தில் என் வகுப்புப் பெட்டை ஒருத்தி நின்றது இன்னும் மோசம். கடைசியில் மழையை நம்பி நின்ற இடத்திலேயே விட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காதது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

அந்த நாவலிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் கோடு போட்ட பக்கத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி, பொடியன் தாயின் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பான். உள்ளே என்ன இருந்தது என்று ஆசிரியர் சொல்லவில்லை. தாயும் கேட்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் என் 80. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்ற வி.வி. கணேசானந்தனின் ஆங்கில நாவலும் இப்படிச் சின்ன இடத்தில்தான் தொடங்குகிறது. 1981, யாழ்ப்பாணம். பதினாறு வயதுப் பெட்டை ஒருத்தி கை தவறிக் கொதிதண்ணியைத் தன்மேல் கொட்டிக்கொள்ள, அயலில் இருக்கும் பொடியன் ஓடிவந்து வெந்த இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றுகிறான். அவள் டொக்டராக ஆசைப்படுகிறவள். காதல், படிப்பு, வரப்போகும் நெருப்பு எல்லாம் அந்த முட்டைக்குள் இருக்கின்றன, ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. இந்த மூன்று தம்பி தங்கச்சிமாரும் அந்த முதல் சில பக்கங்களை மட்டும் வாசித்தாலே போதும்.

உங்கள் பின்குறிப்பைக் கடைசிக்கு வைத்தேன். மூன்று தரம் வாசித்துவிட்டேன். நீங்கள் பெயரை மாற்றி எழுதினாலும் உங்கள் ஒழுங்கை அரை மணித்தியாலத்தில் ஆளைச் சொல்லிவிடும், எனக்குத் தெரியும். அதனால் கதை வேண்டாம். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு கணக்கு மட்டும் எழுதி அனுப்புங்கள்: அந்த வேலி எந்தப் பக்கத்தில் நின்றது, வருடத்துக்கு எத்தனை விரல் நகர்ந்தது?