ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன்: இரண்டில் எது சிறந்த இசைக்குழு?

பிரிட்டனைச் சேர்ந்த இவ்விரு ஹெவி மெட்டல் (அதிரும் கிட்டார்களைக் கொண்ட ராக் இசை வகை) குழுக்களின் ரசிகர்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வியை வைத்து வாதிட்டு வருகிறார்கள்.

வயதில் மூத்தது பிரீஸ்ட். 1969இல் பர்மிங்காம் பகுதியில் உருவான அக்குழு, ப்ளூஸ் இசையின் சாயலைப் படிப்படியாகக் களைந்து, இரண்டு முன்னணி கிட்டார்களையும் ராப் ஹால்ஃபோர்டின் உச்சக் குரலையும் கொண்டு ஹெவி மெட்டலுக்குத் தனி வடிவம் கொடுத்தது. தோல் உடையும் இரும்புக் குமிழ்களும் இவ்விசையின் அடையாளமானதற்கும் அவர்களே முக்கியக் காரணம். லண்டனில் 1975இல் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய மெய்டன், 1980இல் பிரீஸ்டின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாக வாசித்தது. ஒப்பீடு சூடுபிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

மெய்டனின் தனித்துவம் தாளத்தில் இருக்கிறது. ஹாரிஸ் பிக் (கம்பிகளை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களாலேயே, நம் யாப்பின் மொழியில் சொன்னால் ஒரு நெடிலும் இரு குறிலும் மாறாமல் தொடர்வதைப்போல் மீட்டும்போது, குதிரைப் பாய்ச்சலின் குளம்பொலி காதில் விழும். அதன்மேல்தான் இணைந்தொலிக்கும் கிட்டார்களும் வரலாற்றுக் கதைகளைப் பாடும் புரூஸ் டிக்கின்சனின் குரலும் ஏறி வருகின்றன.

ஆயினும் என் தேர்வு பிரீஸ்ட்தான். முதல் ஆல்பம் வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், 1990இல், 'பெயின்கில்லர்' ஆல்பத்தை ஸ்காட் டிராவிஸின் இடிமுழக்க டிரம்ஸுடன் தொடங்கி, தம் இளையவர்களையே வேகத்தில் முந்திய துணிவை வேறெந்தக் குழுவிடமும் நான் கேட்டதில்லை.