ஆண்டிப்பட்டி தொகுதி: கேள்வி பதில்

தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதியின் வரலாறு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற கேள்விகளை மட்டும் தொடவில்லை.

கோவை வாசகர்: அண்ணே, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் படுக்கையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார் என்கிறார்கள். தொகுதிக்கே வராமல் நிற்கச் சட்டம் விடுமா?

விடும். வேட்புமனுவை வேட்பாளர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில்லை, முன்மொழிபவர் கொடுத்தாலே போதும். வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழிக்கும் வழி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மாநிலத்தின் எந்தத் தொகுதியிலும் நிற்கலாம், அதனால் சென்னைவாசி ஆண்டிப்பட்டியில் நின்றதிலும் சிக்கல் இல்லை.

நடந்தது இதுதான். 1984 அக்டோபர் 5 அன்று எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். அந்த மாதம் 31-ஆம் தேதி இந்திரா காந்தி கொல்லப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் எம்.ஜி.ஆரை நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து டிசம்பர் 24-ல் தேர்தல். மனுத் தாள்களில் அவர் மருத்துவமனையிலேயே கையெழுத்திட்டார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே வதந்தி கிளம்பியிருந்த நேரம் என்பதால், மருத்துவமனையில் அவரைப் படம் பிடித்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். அந்தப் படம் எந்த மேடைப் பேச்சையும்விட அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு. தி.மு.க. வேட்பாளரைவிட 32 ஆயிரத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு வாங்கினார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதல்வரானார்.

இன்னொன்று: 1987-ல் அவர் இறந்ததும் அதே டிசம்பர் 24-ல்தான். அன்று அவர் ஆண்டிப்பட்டி உறுப்பினர்.

திருச்சி வாசகர்: அத்தனை தொகுதி இருக்க, ஏன் ஆண்டிப்பட்டி?

எம்.ஜி.ஆர். ஒரே தொகுதியில் ஒட்டிக்கொண்டவர் இல்லை. பரங்கிமலையில் இரண்டு முறை (1967, 1971), அப்புறம் அருப்புக்கோட்டை (1977), மதுரை மேற்கு (1980), கடைசியாக ஆண்டிப்பட்டி. பட்டியலைப் பாருங்கள், கட்சி தொடங்கியபின் எல்லாமே தென்மாவட்டங்கள். ஆண்டிப்பட்டியில் 1980-ல் அவர் கட்சியில் நின்று ஜெயித்தவர் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன். 1962-லேயே பக்கத்துத் தேனியில் ஜெயித்து, இந்தியாவில் சட்டமன்றம் போன முதல் நடிகர் என்று பெயரெடுத்தவர். ஆகவே அது ஏற்கெனவே கட்சிக்குப் பழகிய இடம். வேட்பாளர் பிரசாரத்துக்கு வர முடியாத தேர்தலுக்கு அப்படிப்பட்ட இடத்தைத்தானே தேடுவார்கள்?

மதுரை வாசகர்: எம்.ஜி.ஆர். மனைவி ஜானகி அம்மாவும் அங்கே நின்றாராமே?

நின்றார், தோற்றார். ஆண்டிப்பட்டி வரலாற்றில் பலர் தாண்டிப் போய்விடும் தேர்தல் இது. எனக்கோ இதுதான் முக்கியமான தேர்தல்.

1989 ஜனவரியில் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து கிடந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. கணவரின் தொகுதி கைவிடாது என்ற நம்பிக்கையில் ஜானகி ஆண்டிப்பட்டிக்கு வந்தார். ஜெயலலிதா அணியும் ஆள் நிறுத்தியது. வாக்கு சிதறி, தி.மு.க.வின் ஆசையன் ஜெயித்தார். பக்கத்தில் போடிநாயக்கனூரில் நின்ற ஜெயலலிதா ஜெயித்தார். எம்.ஜி.ஆருக்கு அடுத்து யார் என்ற வழக்கில் இந்த மாவட்டத்து மக்கள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று சொல்வேன்.

சேலம் வாசகி: 2002 இடைத்தேர்தல் எதற்காக வந்தது? எனக்கு அப்போது பள்ளி வயது, ஒன்றும் புரியவில்லை.

கொஞ்சம் சுற்றுவழிக் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்கு மூன்றாண்டு தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடங்களில் மனுப் போட்டார். தண்டனை பெற்றவர் என்பதோடு, ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் குறுக்கே வந்தது. நான்கும் தள்ளுபடி. ஆண்டிப்பட்டியில் மாற்று வேட்பாளராக இருந்த தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார்.

கட்சி பெரும்பான்மை பெற்றதால், உறுப்பினராக இல்லாமலே மே மாதம் ஜெயலலிதா முதல்வரானார். உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்ற அரசியல் சட்டப் பிரிவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 2001 செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓ. பன்னீர்செல்வம் முதல்முறையாக முதல்வரானது அப்போதுதான். அவர் பக்கத்துப் பெரியகுளம் தொகுதிக்காரர்.

டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் பதவியை விட்டு விலக, 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல். தி.மு.க.வின் வைகை சேகரை 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து, மார்ச்சில் மறுபடியும் முதல்வரானார். மாநிலத்தின் முதல்வர் யார் என்பதே ஒரு தொகுதியின் இடைத்தேர்தலில் தொங்கிய நாட்கள் அவை.

தூத்துக்குடி வாசகர்: 2006-ல் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற சீமான், நாம் தமிழர் சீமானா?

இல்லை. அவர் தி.மு.க. வேட்பாளர், வேறு ஆள். ஜெயலலிதா சுமார் 25 ஆயிரம் வாக்கில் ஜெயித்தார், ஆனால் ஆட்சி போய்விட்டது. 2011-ல் அவர் ஸ்ரீரங்கத்துக்கு மாறிவிட்டார்.

தேனி வாசகர்: சார், முன்பு தேனி என்றே ஒரு தொகுதி இருந்ததே, எங்கே போயிற்று?

2008 மறுசீரமைப்பில் கரைந்துவிட்டது. மாவட்டத்தில் பெரியகுளம், தேனி, போடி, கம்பம், ஆண்டிப்பட்டி என்று ஐந்து இருந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை மறுபடி வரைந்தபோது மாநிலத்தின் மொத்தம் 234-ஐ மாற்றவில்லை, உள்ளுக்குள்தான் பிரித்துக் கொடுத்தார்கள். மக்கள் பெருகிய பக்கம் தொகுதி கூடியது, இந்தப் பக்கம் ஒன்று குறைந்தது. பெரியகுளம் தனித்தொகுதியானது. ஓ.பி.எஸ். போடிக்குப் போனது அதனால்தான். நாடாளுமன்றத்துக்குப் பெரியகுளம் என்ற பெயர் போய்த் தேனி என்று வந்தது. தலைநகரான தேனிக்குத் தன் பெயரில் சட்டமன்றத் தொகுதி இல்லை, நாடாளுமன்றத் தொகுதி உண்டு. ஆண்டிப்பட்டியின் எண் இப்போது 198.

பெங்களூரு வாசகர்: இரண்டு முதல்வர்களைத் தந்த தொகுதி, அப்படியானால் செழிப்பாக இருக்க வேண்டுமே?

போய்ப் பாருங்கள். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை இந்தத் தொகுதி வழியாகத்தான் இறங்குகிறது. 1959-ல் திறந்த வைகை அணையும் ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில்தான். ஆனால் அணை நீரின் பெரும்பயன் கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போகிறது. மேட்டுநிலமான ஆண்டிப்பட்டி வட்டாரம் மழையையும் கிணற்றையும் நம்பியே இருக்கிறது. தேர்தல்தோறும் தண்ணீர்தான் வாக்குறுதி. சக்கம்பட்டியில் தறி ஓடுகிறது, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பக்கம் விவசாயம். முதல்வர் தொகுதி என்றால் சாலை சீக்கிரம் வரும், அதிகாரிகள் ஓடி வருவார்கள், அது உண்மைதான். ஆனால் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது சாலை போடுவது போன்ற வேலை இல்லை. தன் எம்.எல்.ஏ.வை நேரில் பார்த்து மனு கொடுக்கும் வசதியும் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த ஆண்டுகளில் எளிதாக இருக்கவில்லை.

விருதுநகர் வாசகர்: அ.தி.மு.க. கோட்டை என்கிறீர்கள், பிறகு எப்படி தி.மு.க. கைக்குப் போனது?

கட்சி உடைந்தால் கோட்டையும் உடையும், 1989 கதைதான். (1996-ல் தி.மு.க. ஜெயித்தது மாநிலம் முழுக்க அடித்த அலையில், அது வேறு கணக்கு.) ஜெயலலிதா மறைந்தபின் கட்சி மறுபடி உடைந்தது. 2017-ல் டி.டி.வி. தினகரன் பக்கம் போன 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார், அதில் அப்போதைய ஆண்டிப்பட்டி உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல். வாக்குப்பதிவுக்கு முன்பு தினகரனின் புதுக் கட்சியான அ.ம.மு.க. அலுவலகத்தில் சோதனை, துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்ட போலீஸ், பிடிபட்ட ஒன்றரைக் கோடி ரூபாய் என்று ஊர் அமளிப்பட்டது. அதைவிட வேடிக்கை, தி.மு.க. வேட்பாளர் மகாராஜனும் அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜனும் உடன்பிறந்தவர்கள். மகாராஜன் ஜெயித்தார். 2021-லும் அதே இருவர், அதே முடிவு. தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க.வில் சேர்ந்து, 2024-ல் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் தினகரனையே தோற்கடித்தார்.

மாணவர் ஒருவர்: என் தொகுதிக்கும் இப்படி எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கையில் தொகுதிவாரியாக எல்லா வேட்பாளர்களின் வாக்கும் இருக்கும். அண்மைக்காலத் தேர்தல் என்றால் படிவம் 20-ஐப் பாருங்கள், வாக்குச்சாவடி வாரியாகவே கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: 2008-க்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் நேராக ஒப்பிடாதீர்கள். பெயர் அதேதான், ஊர்கள் அதே ஊர்கள் இல்லை.