சின்னம் வரைவது வடிவமைப்பு ஆகாது

வணக்கம் ஐயா. ஜெலுத்தோங்கில் எங்கள் இளைஞர் மன்றத்தில் 13 முதல் 17 வயது வரை பதினைந்து பேர் இருக்கிறார்கள். சுங்கை பினாங் பக்கம் எந்த லோங்காங் (வடிகால் சாக்கடை) அடைத்திருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்க ஒரு செயலி வேண்டும். ஆள் வைத்துச் செய்துவிட்டு, பெயரையும் சின்னத்தையும் பிள்ளைகளிடம் விடலாமா?
— ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள வாசகருக்கு,

பிள்ளைகள் எழுத வேண்டியது கேள்விகளை. செயலிக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். களத்தில் விவரம் திரட்ட உதவும் கோபோடூல்பாக்ஸ் (KoboToolbox) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எக்செலில் கேள்விகளை அடுக்கி ஏற்றினால் கைப்பேசியில் நிரப்பும் பாரமாக (படிவமாக) வந்துவிடும், இணையம் இல்லாத இடத்திலும் பதியும்.

அதற்கு முன் ஒரு நாள் தாளோடு நடக்கட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து நாலு தெருவை ஏ4 தாளில் அச்செடுத்து மூன்று பேருக்கு ஒன்று கொடுங்கள். ஒருவர் எழுதட்டும், ஒருவர் அளக்கட்டும், ஒருவர் வண்டி வருகிறதா என்று பார்க்கட்டும். பெரியவர்கள் போடும் பாரத்தில் "அடைப்பு: அதிகம், நடுத்தரம், குறைவு" என்றுதான் இருக்கும். ஒரே பத்து இடங்களை இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். மூன்று இடங்களுக்கு மேல் பதில் மாறினால் கோளாறு கேள்வியில்தான். "தண்ணீர் ஓடுகிறதா? குச்சியை விட்டால் சேறு எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டால் தகராறு குறையும். கரையில் நின்றே அளக்க வேண்டும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

ஓடாத தண்ணீரெல்லாம் அடைப்பும் இல்லை. ஆற்றின் கடலோரப் பகுதியில், கடல் ஏறும் நேரத்தில் சுத்தமான லோங்காங்கிலும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஆற்றோரத்துப் பிள்ளைக்கு இது தெரியும். கோலாலம்பூரில் உட்கார்ந்து செயலி எழுதுகிறவருக்குத் தோன்றாது. பாரம் திறந்த நேரம் தானாகப் பதியும்படி வைத்து, பிறகு கடல் ஏற்ற இறக்க அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

திறந்தவெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். ஃபிளாட்டுகளுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் பிசகு இன்னும் கூடி, புள்ளி எதிர்த் தெருவில் போய் விழும். பாரத்தில் இடத்தைக் கேட்கும் கேள்விக்கு 'பிளேஸ்மென்ட்-மேப்' (placement-map) என்ற அமைப்பைக் கொடுங்கள். பிள்ளைகளே புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பார்கள்.

கேள்வி தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கலாம். ஆனால் விடையின் உள்குறியீட்டை, அதாவது திரையில் தெரியாமல் பதிவில் சேமிக்கப்படும் பெயரை, பதிவு தொடங்கிய பின் தொடாதீர்கள். 'ot' என்று இருந்ததை 'flow' என்று மாற்றினால் பழைய பதிவும் புதிய பதிவும் ஒன்றாகச் சேராது. திரையில் தெரியும் சொல்லை மட்டும் திருத்தலாம்.

ஒரு வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுக்கும் புகைப்படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் குறிப்பு இருக்கக்கூடும், பிள்ளைகளோ முதல் பதிவை வீட்டு வாசலில்தான் சோதிப்பார்கள். அந்தச் சோதனைப் பதிவுகளை அழித்து, பெயருக்குப் பதில் குழு எண் போட்டு, பெற்றோர் கையெழுத்தும் வாங்கிய பிறகே வரைபடத்தை வெளியிடுங்கள்.

தெருவோர லோங்காங் மாநகர் மன்றத்தின் கையில், ஆறு வடிகால் துறையின் கையில். ஆள் அனுப்ப என்ன விவரம் வேண்டும் என்று இரு இடத்திலும் பிள்ளைகளையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அக்டோபர் மழைக்கு முன் அந்தக் கேள்விகளும் பாரத்தில் ஏறிவிட வேண்டும்.